யாருடைய நான்கு மணி?

சென்ற மார்கழி மாதத்தில், ஸ்ரௌவ்வில் நகரம் பனியினுள் புதைந்து கிடந்த ஓரிரவு, எமது மகள் உணவு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, நான் இதிலை இருக்கிறதை வாசிக்கிறன், நீங்கள் அந்தத் தாளைப் பாத்துச் சரியோ எண்டு சொல்லுங்கோ" என்றாள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் வானியல் ஆராய்ச்சி மாணவியாக இருப்பவள் அவள். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்துப் பெருவெளியில் நிற்கும் வானொலித் தொலைகாட்டி ஒன்றுக்கு அவள் அனுப்பவேண்டிய கட்டளைக் கோப்பு அது. அதனை அனுப்புவதற்கு மறுநாள் மாலை வரையே அவகாசமிருந்தது.

நாம் கலைப்பட்டதாரி. யாழ்ப்பாணத்திலும் பின்னர் வன்னியிலும் தமிழும் வரலாறும் கற்பித்தவர். பௌதிகவியலைச் சாதாரண தரத்துடன் கைகழுவிவிட்டவர். அத்தகைய எம்மிடம் அவள் இவ்வுதவியைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் புள்ளிப் பட்டியல் தயாரிக்கும்போது ஓர் ஆசிரியர் உரத்து வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது எமது வழக்கம். தான் எழுதியதைத் தானே சரிபார்ப்பவனின் கண், எழுதப்பட்டதை விட்டுவிட்டு எழுத நினைத்ததையே காணும். இதைச் சிறு வயதில் அவளது வீட்டுப் பாடங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். அது அவளுக்கு நினைவிருந்தது என்பது அன்றிரவுதான் எமக்குத் தெரிந்தது.

இன்னுமொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும. அவள் வானியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது இந்த வீட்டில் நான்கு நாட்கள் எவரும் ஒழுங்காகப் பேசவில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து, பின்னர் ஸ்காபரோ அடுக்குமாடியை விட்டு இங்கே வீடு வாங்கிக் கடன் கட்டிய எம்மவர் எல்லோரையும் போல நாமும் வைத்தியப் படிப்பையே எண்ணியிருந்தோம். "வானத்தைப் பாத்து என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டோம். பார்ப்பதில்லை, கேட்பதுதான் என்றாள். அந்தப் பதில் அன்று எமக்குக் கோபத்தையே தந்தது.

அவள் மனத்தில் இந்த எண்ணம் விழுந்த இடமும் எமக்குத் தெரியும். 2014ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்தபோது நீலகிரிக்குப் போனோம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. அவ்வாறு வந்த ஒரு குடும்பம் எமக்குப் பழக்கம். உதகமண்டலத்துக்கு அண்மையில் முத்தோரை என்னுமிடத்தில், மலைச்சரிவின் மேல் நீளமாகப் படுத்துக் கிடந்த கம்பிப் பந்தல் போன்ற ஒன்றை அவர்களே காட்டினார்கள். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. வாகனத்தை விட்டு இறங்கியவளைத் திரும்ப ஏற்றுவதற்குப் பெரும்பாடாயிற்று.

அது 1970இல் கட்டி முடிக்கப்பட்ட ஊட்டி வானொலித் தொலைகாட்டி. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் எண்ணத்தில் உருவானது. நீளம் 530 மீற்றர், அகலம் 30 மீற்றர். குழிந்த வளைவான 24 சட்டங்களின் மேல் ஏறத்தாழ 1,100 உருக்குக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டுள்ளன. அந்த மலையைத் தெரிவு செய்ததிலேதான் அவருடைய கெட்டித்தனம் இருக்கிறது. உதகமண்டலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் உள்ளது. சரிவும் அதே 11 பாகை. ஆகவே சரிவில் வடக்குத் தெற்காகக் கிடத்திய அந்த நீண்ட அச்சு, பூமி சுழலும் அச்சுக்குச் சமாந்தரமாக அமைந்துவிடுகிறது. அந்த ஓர் அச்சிலே மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பது மணித்தியாலத்துக்கு மேலாகத் தொடரலாம். பணமும் பொறிகளும் குறைந்த ஒரு நாடு, கருவியைச் செப்பம் செய்யும் வேலையில் பாதியை மலையிடமே கொடுத்துவிட்டது. சந்திரன் ஒரு வானொலி ஊற்றை மறைக்கும் கணத்தைக் குறித்து, அந்த ஊற்றின் பருமனை அவர்கள் அளந்தார்கள்.

மகளின் தொலைகாட்டி அவ்வாறு ஓரிடத்தில் கிடப்பதன்று. 27 பெரிய கிண்ணங்கள், ஒவ்வொன்றும் 25 மீற்றர் விட்டம். ஆங்கிலத்து 'வை' எழுத்தின் வடிவில் மூன்று தண்டவாளப் பாதைகளின் ஓரமாக நிற்கின்றன. தேவைக்கேற்ப அவற்றைத் தூக்கிச் சென்று நெருக்கமாகவோ அகலமாகவோ வைக்கிறார்கள். மிக அகன்ற அமைப்பில் இரு கிண்ணங்களுக்கிடையே உச்சமாக 36 கிலோமீற்றர். மிக நெருங்கியதில் ஒரு கிலோமீற்றர். அகன்றால் நுணுக்கம் தெரியும், ஆனால் பரந்து மங்கலாகக் கிடப்பது தவறிப்போகும். நெருங்கினால் மங்கலானது பிடிபடும், நுணுக்கம் போய்விடும். நான்கு அமைப்புகளும் ஒரு சுற்று வந்து முடியப் பதினாறு மாதங்கள் செல்லும். மகளுக்கு வேண்டியது மூன்றாவதான 'சி' அமைப்பு. இம்முறை தவறவிட்டால் அடுத்தமுறைக்கு ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும், அதற்குள் அவளது உதவிப்பணக் காலம் முடிந்துவிடும். அந்தக் கோப்பைப் பார்த்து அவளுடைய கை ஏன் நடுங்கியது என்பது இப்போது வாசகர்களுக்கு விளங்கும்.

வாசிக்கத் தொடங்கினாள். முதலில் மீடிறன் பட்டை. ஐதரசன் அணு தானாக வெளியிடும் வானொலி அலையின் நீளம் 21 சென்ரிமீற்றர், மீடிறன் 1420.4 மெகா ஹேர்ட்ஸ். அண்டத்தில் மிகுந்திருப்பது ஐதரசனே ஆதலால், இந்த ஓர் இடத்தைச் சூழ்ந்த 1400 தொடக்கம் 1427 வரையான பகுதியை வானியலுக்காக உலக நாடுகள் ஒதுக்கிக் காத்து வருகின்றன. அதனுள் எவரும் ஒலிபரப்பக் கூடாது. ஆயின் மகள் பார்க்க விரும்பும் உடுத்தொகுதி எம்மை விட்டு செக்கனுக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறது. அதனால் அதன் அலை நீண்டு, மீடிறன் 1392 அளவில் வந்து விழுகிறது.

"அப்ப அது காவலுக்கு வெளியிலையோ?"

"ஓம் அப்பா. வெளியிலைதான். ராடர், செய்மதி எல்லாம் வரும். விலக்கி விலக்கித்தான் எடுக்கவேணும்."

விலகி ஓடியவர்களுக்குப் பாதுகாப்பு வலயம் இல்லையென்பது வானத்திலும் வழக்கம் போலும் என்று எண்ணிக்கொண்டோம், சொல்லவில்லை.

அடுத்தது, அந்த அலைகளை ஒன்று சேர்த்துப் பெருக்கும் பொறியின் ஒழுங்கு. 27 கிண்ணங்களின் ஒலியையும் சோடி சோடியாக ஒப்பிடும் அந்த மாபெரும் கணினி, கனடாவிலே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துப் பென்ரிக்ரன் நகரிலுள்ள தேசிய ஆய்வுகூடத்தில் வடிவமைக்கப்பட்டுக் கட்டப்பட்டதாம். 2010இல் பழைய பொறியை அகற்றிவிட்டு இதனை வேலையில் ஈடுபடுத்தினார்கள். வரும் அலைத்தொகுதியை அது 64 சிறு பட்டைகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது, எவ்வளவு அகலமாக, எத்தனை நுண்பிரிவாக என்பதை நாமே சொல்லவேண்டும். மகள் தனக்கு வேண்டிய ஐதரசன் கோட்டுக்கு 4 மெகா ஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பட்டையை வைத்திருந்தாள். பட்டையின் இரு விளிம்புகளும் சற்றுப் பழுதானவை, நடுப்பகுதியையே நம்பலாம் என்றாள். புதிய பயிற்சிக் கொப்பியின் ஓரக்கோட்டைத் தாண்டி எழுதாதே என்று சொல்வதைப் போன்றதென விளங்கிக்கொண்டோம்.

பின்னர் வந்த ஒன்றை நாம் உடனே புரிந்துகொண்டோம். ஒரு கருவி அமைப்பைப் புதிதாகத் தொடங்கும்போது அதற்கெனத் தொடக்கத்தில் ஒரு நிமிட நேரம் ஒதுக்க வேண்டும். அந்நேரத்தில் கிண்ணங்கள் எதையும் அளப்பதில்லை. வரும் ஒலியின் வலு எவ்வளவு, எவ்வளவு குறைக்க வேண்டும், எவ்வளவு பெருக்க வேண்டும் என்று தம்மைத் தாமே சரிசெய்து கொள்ளுகின்றன. அதை விட்டுவிட்டால் பின்னால் எடுப்பதெல்லாம் பயனற்றுப் போகலாம்.

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் "ஹலோ, ஹலோ, வண், ரூ, த்ரீ" என்று சொல்லுவது எதற்காக என்று மகளுக்குச் சொன்னோம். அவள் சிரித்தாள். ஆனால் எம் மனத்தில் எழுந்தது கோயிலன்று, சைக்கிள். 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலிப் பெட்டியைப் பேசவைத்துச் செய்தி கேட்ட தலைமுறை எம்முடையது. இதனை இப்பத்திரிகை வாசகர் பலருக்கு விளக்கவேண்டியதில்லை. மெல்லச் சுழற்றினால் பெட்டி முனகும். வேகமாகச் சுழற்றினால் பொருமும், சிலவேளை பெட்டியே எரிந்துபோகும். ஆகவே செய்தி தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னரே சுழற்றத் தொடங்கி, சரியான வேகத்தைக் கை பிடித்துக்கொண்ட பின்னர்தான் முள்ளைத் திருப்புவோம். சுழற்றுபவருக்குச் செய்தி அரைவாசிதான் காதில் விழும். எமது வீட்டில் சுழற்றும் பொறுப்பு எம்முடையது. காதை ஒட்டிவைத்துக் கேட்டு எமக்குச் சொல்லுவது அம்மாவின் பொறுப்பு.

அடுத்து ஒப்பீட்டு ஊற்றுகள். '3சி286' என்ற ஒன்று. அதன் வலு இவ்வளவு என்பது முன்னரே நன்கு தெரியும். அதனை முதலில் அளந்து, கருவி காட்டும் எண்ணை அந்தத் தெரிந்த எண்ணுடன் பொருத்திக்கொள்வார்கள். மகளின் உடுத்தொகுதிக்கு அருகில் வேறொரு சிறு ஊற்று. சில நிமிடங்களுக்கொருமுறை அங்கே திரும்பிப் பார்த்துவிட்டு வரவேண்டும். உயர்தர விடைத்தாள் திருத்தப்போன ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. கட்டைப் பிரிக்கும் முன்னர் எல்லோரும் ஒன்றாயிருந்து மாதிரி விடையைப் பேசி முடிவு செய்வோம். பிறகும், பத்துப் பதினைந்து தாளுக்கொருமுறை மாதிரியைத் திரும்பிப் பார்க்காவிட்டால், மாலையில் கை தாராளமாகிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு முன் திருத்தப்பட்ட பிள்ளைகள் பாவம்.

இவற்றை முடித்து நேரத்துக்கு வந்தோம். தாளில் தொடக்க நேரம் எட்டு மணி தொடக்கம் பத்து மணி வரை எனப் போட்டிருந்தது. காலையோ மாலையோ என்று கேட்டோம். இரண்டுமில்லை, இது உடு நேரம் என்றாள்.

சூரியனை வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாளுக்கு 24 மணித்தியாலம். நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிட்டால் 23 மணி 56 நிமிடம் 4 செக்கன். ஆகவே ஒரு நட்சத்திரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி உதிக்கிறது. தொலைகாட்டிக்குச் சூரியன் எங்கேயென்பது முக்கியமில்லை, பகலிலும் முகில் மூடியபோதும் அது கேட்கும். அது நிற்கும் இடத்தின் உடு நேரத்தில் எட்டு மணியென்றால் குறித்த பொருள் உரிய இடத்துக்கு வந்துவிடும் என்பதே அதற்குத் தெரியவேண்டியது. அந்த எட்டு மணி இங்கே நள்ளிரவாகவும் இருக்கலாம், மத்தியானமாகவும் இருக்கலாம். ஸ்ரௌவ்வில்லின் நேரம் ஒன்று, நியூ மெக்சிக்கோவின் நேரம் அதற்கு இரண்டு மணி பின்னே, உலகப் பொதுநேரம் இன்னொன்று, உடு நேரம் நான்காவது.

கனடாவின் பழைய சாதனையொன்றையும் அப்போது சொன்னாள். 1967ஆம் ஆண்டு, எமது ஒன்ராறியோ மாகாணத்து அல்கோன்குயின் பூங்காவிலுள்ள தொலைகாட்டியும், 3,074 கிலோமீற்றர் அப்பால் பென்ரிக்ரனிலுள்ள தொலைகாட்டியும் ஒரே பொருளை ஒரே வேளையில் கேட்டன. இடையே கம்பித் தொடர்பு இல்லை. ஒவ்வொன்றும் தான் கேட்டதை நாடாவில் பதிந்து வைத்தது. பின்னர் இரு நாடாக்களையும் ஒன்றாக ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். அது சாத்தியமானது இரண்டு இடத்திலும் அணுக் கடிகாரங்கள் இருந்தபடியால். இரு கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு நாடாவிலும் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

இரு கடிகாரம் என்றதும் நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். இலங்கையில் 1996ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி, மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரம் மீண்டது. நாம் இருந்த வன்னிப் பகுதியில் அந்த மாற்றம் ஏற்கப்படவில்லை. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் ஒரே தீவில் இரண்டு நேரங்கள் இருந்தன. புதிய நேரம், பழைய நேரம் என்று சொல்லிக்கொள்வோம்.

மகள் தொடர்ந்து வாசித்தாள். பொருளின் பெயர், திசை, வேகம். "வேகம் ஆறாயிரம்" என்றாள். தாளிலும் 6,000 என்றே இருந்தது. சரியென்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஆற்றை கணக்கிலை ஆறாயிரம்?"

"என்னப்பா?"

"நேரத்துக்கு நாலு கணக்குச் சொன்னாயெல்லோ பிள்ளை. வேகத்துக்கு எத்தினை கணக்கு?"

வேடிக்கையாகவே கேட்டோம். அவள் விடை சொல்லவில்லை. திரையை மேலும் கீழுமாக நகர்த்தினாள். எழுந்து போய் ஒரு கட்டுரைப் பிரதியை எடுத்து வந்து பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

வேகத்தைக் குறிப்பதற்கு வானியலாளரிடம் இரண்டு மரபுகள் உள்ளனவாம். ஒளியியலாளர் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதிலிருந்து கணக்கிடுவர்; வானொலியாளர் மீடிறன் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து கணக்கிடுவர். வேகம் சிறிதாயின் இரண்டும் ஒன்றே. பெரிதாக ஆக விலகும். ஒளி மரபில் 6,000 என்பது வானொலி மரபில் ஏறத்தாழ 5,880. அவள் எண்ணை எடுத்த கட்டுரை ஒளி மரபில் எழுதப்பட்டது. கோப்பிலோ வானொலி மரபு தெரிவு செய்யப்பட்டிருந்தது. எண்ணில் பிழையில்லை, எந்தக் கணக்கில் என்ற ஒரு சிறு தெரிவிலேதான் பிழை. அதனால் மீடிறன் அரை மெகா ஹேர்ட்ஸுக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போயிருக்கும். நான்கு மெகா ஹேர்ட்ஸ் பட்டையில் அரை என்பது கொஞ்சமன்று. உடுத்தொகுதியின் ஒரு பக்கத்து ஐதரசன் முழுவதும் பட்டையின் பழுதான விளிம்பில் போய் விழுந்திருக்கும். எல்லாப் பரிசோதனையிலும் கோப்புச் சரியென்றே காட்டும், தரவு வந்த பிறகுதான் தெரியும் என்றாள்.

திருத்தினாள். மீண்டும் முதலிலிருந்து வாசித்தாள். இப்போது ஒவ்வோர் எண்ணுக்கும் இருவரும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டோம். முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது. கோப்பை அனுப்பிவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து அமர்ந்தவள், "எப்பிடியப்பா உங்களுக்கு அதைக் கேக்கத் தோன்றினது?" என்றாள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக அவளுக்குச் சொல்லாததை அப்போது சொன்னோம்.

1996 யூன் மாதத்தின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி எட்டு மாதமாகவில்லை. வன்னியில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். அம்மாவுக்குத் திடீரென ஒரு கண்ணில் தாங்கமுடியாத வலி, தலையிடி, வாந்தி. விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றார். அங்கிருந்த வைத்தியர் கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது, இன்றைக்கே வவுனியாவுக்குக் கொண்டுபோ, தாமதித்தால் பார்வை போய்விடும் என்றார். அனுமதிச் சீட்டு எடுத்து, உழவு இயந்திரப் பெட்டியில் அம்மாவைக் கிடத்திக்கொண்டு புறப்பட்டோம். சோதனைச் சாவடி நான்கு மணிக்குப் பூட்டப்படும் என்று அயலவர் சொன்னார். அம்மா குலுக்கம் தாங்கமாட்டார் என்று வழியில் இரண்டு இடத்தில் நிழலில் நிறுத்தினோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, நேரமிருக்கிறது, நேரமிருக்கிறது என்று அவருக்குச் சொன்னோம். போய்ச் சேர்ந்தபோது எமது கடிகாரத்தில் மூன்று இருபது. தடை விழுந்து கிடந்தது. புதிய நேரத்தில் நான்கு இருபது.

நேரம் மாறிய செய்தி எமக்குத் தெரியாததன்று. டைனமோவைச் சுழற்றி, அம்மா சொல்லக் கேட்டதுதான். அந்த அயலவரிடம் யாருடைய நான்கு மணி என்று நாம் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

அன்றிரவு வீதியோரத்து மரத்தின் கீழே கழிந்தது. அம்மா ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மற்றக் கண்ணால் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். எந்த நட்சத்திரம் எப்போது உதிக்கும் என்பது அவருக்குத் தெரியும்; விடிய எவ்வளவு நேரமென்று கடிகாரம் பாராமலே சொல்லுவார். அன்றும் சொன்னார். மறுநாள் மருத்துவமனையில் வைத்தியர் பரிசோதித்துவிட்டு, நேற்றே வந்திருக்கலாமே என்றார். அம்மா எம்மை முந்திக்கொண்டு, "வழியிலை எனக்கு ஏலாமல் போட்டுது ஐயா, பிள்ளை என்ன செய்யும்" என்று சொன்னார். அதன் பிறகு 2008இல் கண்ணை மூடும்வரை அதைப் பற்றி அவர் எம்முடன் பேசியதில்லை. நாமும் பேசவில்லை.

மகள் அப்பம்மாவை நேரில் கண்டதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் படத்தை மட்டுமே கண்டிருக்கிறாள். கறுப்புக் கண்ணாடி அணிந்த படம் அது. வெயிலுக்காக அணிந்தது என்றே அதுவரை எண்ணியிருந்தாளாம்.

மூன்று கிழமை கழித்து அவளுடைய அவதானிப்பு நடந்தது. உடு நேரம் எட்டே முக்கால். இங்கே அதிகாலையாக இருந்தது. தொலைகாட்டியின் பக்கத்தில் எவரும் இருக்கவேண்டியதில்லை, தரவு தானாக வரும் என்று முன்னரே சொல்லியிருந்தாள். ஆயினும் விடியும் முன்னரே எழுந்து கீழே வந்து, கணினியைத் திறந்தாள். நாமும் எழுந்து போய் அருகில் அமர்ந்தோம். சில நாட்கள் வேலை செய்த பின்னர்தான் படம் வரும். அன்று திரையில் வெறும் எண்களும் ஒரு கோடும். அந்தக் கோட்டின் நடுவில் ஒரு சிறு மேடு. இரண்டு பக்கமும் பட்டை காலியாக, சமமாக இருந்தது.

"நடுவிலை வந்திருக்கப்பா" என்றாள்.

சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"அப்பம்மாவுக்கு எந்தக் கண்?"

இடது கண் என்றோம்.